முப்பத்தொரு சொற்களும் ஒரு மாற்றுப்பிள்ளையும்

ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்கள் நெடுங்காலம் ஆடிய விளையாட்டு. காளமேகத்தின் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் பல, யாரோ விடுத்த சவாலுக்குப் பதிலாகப் பிறந்தவை என்றுதான் சொல்லப்படுகின்றன. ஆக, வெளியிலிருந்து ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அதிலிருந்து கற்பனையைத் தொடங்குவது நமக்குப் புதிதல்ல. அதையே இப்போது மாதக் கணக்கில் செய்கிறார்கள். 2009இல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர், மையால் வரையும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள அக்டோபர் முழுவதும் நாளுக்கொரு படம் வரைந்தார். அது 'இங்க்டோபர்' என்று உலகெங்கும் பரவியது. நாளுக்கொரு தூண்டுசொல், முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு சொற்கள். அந்த வழியில் இன்று யார் வேண்டுமானாலும் தமக்குப் பிடித்த பொருளில் பட்டியல் போட்டு நண்பர்களை அழைக்கிறார்கள். வரைகிறவர்கள் வரைகிறார்கள், எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள்.

இத்தகைய பட்டியல்களில் ஐரோப்பியத் தேவதைக் கதைகளுக்கு எப்போதும் நல்ல வரவேற்பு உண்டு. காளான் வளையம், சீல் தோலைக் கழற்றிவிட்டுக் கரைக்கு வரும் கடற்பெண், வீட்டு வேலை செய்துவிட்டு மறையும் குள்ளன், தொட்டிலில் மாற்றி வைக்கப்பட்ட குழந்தை என்று ஒவ்வொன்றும் கண்ணுக்கு விருந்து. மேற்படிப்புக்காக அயர்லாந்து வந்து, கணினித் துறையில் ஆலோசகனாக இங்கேயே தங்கிவிட்டவன் நான். இந்தக் கதைகள் விளைந்த மண்ணுக்கு மேலே போடப்பட்ட சாலைகளில்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். அதனால் இந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு மக்கள்கூட்டம் உண்மையென்று நம்பி, அஞ்சி, சில வேளைகளில் உயிரையும் எடுத்த ஒரு நம்பிக்கையை, அதை நம்பாத நாம் ஒரு மாதப் பொழுதுபோக்குக்கு எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன கடன்படுகிறோம்?

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. 'ஃபேரி' என்பதைத் தமிழில் தேவதை என்கிறோம். தேவதை என்றதும் நம் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் சிறகும் மந்திரக்கோலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஊரில் கிராம தேவதை என்று யாரைச் சொன்னோம்? எல்லையில் நிற்பவளை, பிழை செய்தால் நோய் தருபவளை, பெயரைச் சொல்லும்போதே குரல் தாழ்த்த வேண்டியவளை. துர்தேவதை என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. அச்சத்தையும் காவலையும் ஒன்றாகச் சுமந்த ஒரு சொல், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பிறந்தநாள் கேக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதேதான் நடந்தது. அங்கே பழைய கதைகளில் வருகிறவர்களுக்குச் சிறகு கிடையாது. அவர்கள் மண்மேடுகளுக்கு அடியில் வாழ்பவர்கள், மனிதர் அளவிலேயே இருக்கக்கூடியவர்கள், ஆடுமாடு வளர்ப்பவர்கள், சண்டை போடுபவர்கள். சிறகும் மினுக்கமும் பின்னால் நாடக மேடையிலும் விக்டோரியக் கால ஓவியங்களிலும் ஒட்டப்பட்டவை.

அந்த மக்கள் இவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'நல்லவர்கள்' என்றார்கள், 'பெரிய மனிதர்கள்' என்றார்கள். இதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி தேவையில்லை. கொடிய விஷமுள்ள பாம்பை 'நல்ல பாம்பு' என்று அழைத்தவர்கள் நாம். இருட்டியபின் அதைப் 'பூச்சி' என்று சொன்னவர்கள். உயிரைக் கொண்டுபோகும் வைசூரியை 'அம்மை' என்று சொல்லி, 'அம்மா வந்திருக்கிறாள்' என்று வேப்பிலை கட்டியவர்கள். அச்சம் மிகும் இடத்தில் மொழி மரியாதையாகிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் அடுத்த குழந்தைக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்த தாய்மாரை நமக்குத் தெரியும். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மண்மேட்டுக்காரர்கள் ஆண்பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று சிறுவர்களுக்குப் பாவாடை கட்டி விட்டார்கள். தொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு இடுக்கியை வைத்தார்கள். இரண்டிடத்திலும் அடியில் இருந்தது ஒன்றே. பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதைகளை நெருங்கிப் பார்த்தால் அவை பெரும்பாலும் விதிகள் என்பது தெரியும். அவர்கள் தரும் உணவை உண்ணாதே. வீட்டு வேலை செய்யும் குள்ளனுக்குப் புத்தாடை கொடுத்துவிடாதே, கொடுத்தால் போய்விடுவான். தனித்து நிற்கும் முள்மரத்தை வெட்டாதே. மேட்டை உழாதே. உனதல்லாததை எடுத்தால் ஈடு கொடு. என் தொழிலில் ஒரு நிறுவனத்தின் பழைய அமைப்பிலிருந்து தரவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலை அடிக்கடி வரும். பெயர்களும் எண்களும் எளிதில் வந்து சேர்ந்துவிடும். பழைய அமைப்பு எதை எதோடு சேர்க்கக் கூடாது, எது இல்லாமல் எது செல்லாது என்று வைத்திருந்த கட்டுப்பாடுகள்தான் வழியில் தொலையும். தொலைந்தது உடனே தெரியாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் திரையில் தோன்றும். தூண்டுசொல் பட்டியலிலும் இதுவே நடக்கிறது. உருவங்கள் வந்துவிடுகின்றன, விதிகள் வருவதில்லை.

கடற்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்னி, ஷெட்லாந்துத் தீவுகளில் சொல்லப்படும் கதையில் ஒரு மீனவன் அவள் கழற்றி வைத்த தோலைத் திருடி ஒளித்து வைக்கிறான். தோலில்லாமல் கடலுக்குத் திரும்ப முடியாததால் அவள் அவனுக்கு மனைவியாகிறாள், பிள்ளை பெறுகிறாள். பல ஆண்டுகள் கழித்துத் தோல் கிடைத்ததும், பெற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறாள். பட்டியலைப் பார்த்து வரையப்படும் படங்களில் பாறையில் அமர்ந்த அழகிய பெண் இருப்பாள். கதையில் இருப்பதோ, மனைவியின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் கணவன். சார்ந்திருப்போர் விசாவில் வெளிநாடு வந்த பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்க மாட்டார்கள்.

நம்பிக்கையின் பாரம் நன்மையும் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தெங்கும் 40,000க்கும் மேற்பட்ட வட்டக் கோட்டைகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பண்ணை வீடுகளைச் சுற்றி எழுப்பிய மண்கரைகள் இவை. இத்தனை எஞ்சியதற்கு ஒரு காரணம், உழவர்கள் அவற்றின்மேல் ஏரோட்ட அஞ்சியது. 1999இல் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் புதிய சாலைக்காக ஒற்றை முள்மரம் ஒன்றை அகற்ற இருந்தார்கள். கெர்ரியின் மேட்டுக்காரர்கள் கானக்ட் மேட்டுக்காரர்களோடு போரிடப் போகும் வழியில் கூடும் மரம் அது என்று கதைசொல்லி எட்டி லெனிஹன் பத்திரிகைகளுக்கு எழுதினார். சாலையின் வடிவமைப்பை மாற்றி மரத்தை விட்டுவைத்தார்கள். அதிகாரிகள் நம்பினார்களா என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு மரத்துக்கு மனிதர்கள் ஏதோ கடன்பட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு நெடுஞ்சாலையின் வரைபடத்துக்குள் புகுந்துவிட்டது.

இனி, இதே பாரத்தின் மறுபக்கம். பட்டியல்களில் தவறாமல் வரும் சொல் மாற்றுப்பிள்ளை. மேட்டுக்காரர்கள் நல்ல குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் இடத்தில் தங்களுடைய நோஞ்சான் ஒன்றை வைத்துவிடுவார்கள் என்பது நம்பிக்கை. வளராத குழந்தை, பேசாத குழந்தை, ஓயாமல் அழும் குழந்தை, கண்ணைப் பார்க்காத குழந்தை எல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாயின. உண்மையான பிள்ளையை மீட்க, வந்திருப்பதை வதைத்து விரட்ட வேண்டும் என்றது நம்பிக்கை. 1826இல் கெர்ரியில் மைக்கேல் லேஹி என்ற சிறுவனை ஃப்ளெஸ்க் ஆற்றில் முக்கினார்கள். அவனால் நிற்கவோ நடக்கவோ பேசவோ முடியாது. மூன்றாம் நாள் காலை அவன் மூழ்கி இறந்தான். அதைச் செய்த மருத்துவச்சி ஆன் ரோச் தான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை என்றும், அவனுக்குள் இருந்ததை விரட்டவே முயன்றதாகவும் சொன்னார். ட்ராலி நீதிமன்றம் அவரை விடுவித்தது.

1895 மார்ச்சில் டிப்பரெரி மாவட்டத்தின் பாலிவாட்லியாவில் நடந்தது இன்னும் பரவலாகத் தெரிந்தது. பிரிட்ஜெட் கிளியரி இருபதுகளில் இருந்த தையற்காரி. சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்திருந்தவர், கோழி வளர்த்துச் சம்பாதித்தவர், பிள்ளையில்லாதவர். நோயில் படுத்தார். இது தன் மனைவியே அல்ல, மாற்றி வைக்கப்பட்டவள் என்றார் கணவர் மைக்கேல் கிளியரி. தந்தையும் உறவினர்களும் அண்டை வீட்டாரும் கூடியிருந்த வீட்டில் அவருக்கு மூலிகையைப் பலவந்தமாகப் புகட்டினார்கள், அடுப்பின் மேல் பிடித்தார்கள், நீ பிரிட்ஜெட்தானா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மறுநாள் இரவு கணவர் அவரை எரித்துக் கொன்றார். பிறகு, உண்மையான பிரிட்ஜெட் வெள்ளைக் குதிரையில் வெளியே வருவாள் என்று அருகிலிருந்த வட்டக் கோட்டையில் இரவுகளில் காத்திருந்தார். சில நாட்களில் ஆழமற்ற குழியொன்றிலிருந்து உடல் எடுக்கப்பட்டது. கணவருக்கு இருபது ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது, பதினைந்து ஆண்டுகள் கழித்தார். அவர் உண்மையில் நம்பினாரா, தன் காலில் நின்ற மனைவியின் மீதான கோபத்துக்கு நம்பிக்கை போர்வையானதா என்று இன்றும் ஆராய்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவர் இந்தச் சொல்லைத் தொடவே கூடாது என்று சொல்லலாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பிரிட்ஜெட் கொல்லப்பட்ட அந்த ஆண்டில், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரலாமா என்ற வாதம் பிரிட்டனில் சூடாக இருந்தது. இப்படிப்பட்ட காட்டுமிராண்டிகளா தம்மைத் தாமே ஆளப் போகிறார்கள் என்று கேட்க, எதிர்த்தரப்புப் பத்திரிகைகளுக்கு இந்த வழக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஆக, இந்தக் கதைகளுக்கு இரண்டு அநியாயங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று அலங்காரம், மற்றொன்று இளக்காரம். பாரத்தை உதறிவிட்டு அழகை மட்டும் எடுப்பது முதலாவது. பாரத்தை மட்டும் காட்டி மக்களை இழிவுசெய்வது இரண்டாவது. தீ மிதியையும் பலியையும் படம்பிடித்துப் போன வெள்ளைக்காரப் பயணிகளின் பேரப்பிள்ளைகளான நமக்கு, மன்னிக்கவும், அவர்களால் படம்பிடிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு, இரண்டாவது நன்றாகவே தெரியும்.

இரத்த உறவு உள்ளவர்கள்தான் எடுக்கலாம் என்ற வாதமும் எனக்கு உவப்பில்லை. ஐரிஷ்காரர்களே இந்தக் கதைகளை விற்றிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், பச்சைத் தொப்பி போட்ட பொம்மையாக்கி விமான நிலையத்தில் அடுக்கியிருக்கிறார்கள். 1888இல் தொகுப்பு வெளியிட்ட யேட்ஸும் தன் கவிதைக்கு வேண்டியதை இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டவர்தான். டப்ளினில் பிறந்து, பாட்டியிடம் ஒரு கேள்வியும் கேட்காத இளைஞர் அந்த முள்மரத்திலிருந்து எவ்வளவு தூரமோ, மதுரையிலிருந்து வந்தவரும் அவ்வளவு தூரமே. இங்கே பிறப்பைவிடப் பழக்கம்தான் உரிமை தருகிறது. அந்தக் கதைகளின் அறமே இதைத்தான் சொல்கிறது. எடுப்பதை அவை தடுக்கவில்லை. ஈடு கொடுக்காமல் எடுப்பதைத்தான் தடுக்கின்றன.

ஈடு என்றால் என்ன? இந்தக் கேள்வி புலம்பெயர்ந்த நம் வீடுகளுக்குள் வரும்போது எனக்குத் தெளிவாகிறது. வார இறுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில், சாப்பிட்டு முடித்துப் பெரியவர்கள் பேசும்போது, ஒரு வாக்கியம் ஏதோ ஒரு வடிவத்தில் வரும். "இது நம்ம வயித்துல பொறந்த பிள்ளைதானான்னு சில நேரம் தோணுது." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். பிள்ளை தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது, சோற்றைத் தள்ளிவிடுகிறது, கதவைச் சாத்திக்கொள்கிறது, நமக்குப் புரியாத ஒருவரைக் காதலிக்கிறது. மறுபுறம், இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கும் தான் மாற்றி வைக்கப்பட்டவள் என்று தோன்றுவது எளிது. பள்ளியிலும் வேற்றாள், அம்மம்மா வீட்டிலும் வேற்றாள். ஆகவே தூண்டுசொல் பட்டியலில் மாற்றுப்பிள்ளை வரும் நாளில் அவள் தன்னையே வரைவாள். வரையட்டும். அந்தச் சொல்லுக்கு இதைவிட உயிருள்ள பயன்பாடு இருக்க முடியாது.

ஆனால் கதையின் பாரம் தெரிந்தால் அந்தப் படம் மாறும். மாற்றுப்பிள்ளைக் கதையில் மேட்டுக்கு அடியில் யாரும் இல்லை. திருடப்பட்ட 'உண்மையான' பிள்ளை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. தொட்டிலில் கிடப்பதுதான் பிள்ளை. 'இது என் பிள்ளை இல்லை' என்று சொன்னவரின் கையில்தான் பழுக்கக் காய்ச்சிய இரும்பு இருந்தது. அப்படியானால் இது பிள்ளையின் விசித்திரத்தைப் பற்றிய கதையல்ல. இல்லாத ஒரு பிள்ளையை எதிர்பார்த்து, இருக்கும் பிள்ளையைப் பார்க்க மறுத்த பெற்றோரின் கதை. நம்மில் யாரும் எவரையும் எரிக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனாலும், ஊரில் விட்டுவந்த தமிழைத் தடங்கலின்றிப் பேசிக்கொண்டு, நம் விருப்பங்களையெல்லாம் தன் விருப்பங்களாக ஏற்றுக்கொண்டு, ஒருநாள் வெள்ளைக் குதிரையில் வெளியே வரப்போகும் ஒரு பிள்ளைக்காக நாமும் மேட்டருகே காத்திருக்கிறோம் அல்லவா?

இன்னும் கூர்மையான இடம் ஒன்றும் உண்டு. பழைய கதைகளில் மாற்றுப்பிள்ளையின் அடையாளங்களாகச் சொல்லப்பட்டவற்றைப் படிக்கும் இன்றைய மருத்துவர்களுக்கு, வளர்ச்சிக் குறைபாடுகளும் ஆட்டிசமும் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய குழந்தையைப் பெற்றவர்களிடம், "உள்ளே உண்மையான பிள்ளை ஒளிந்திருக்கிறான், நாங்கள் வெளியே கொண்டுவருகிறோம்" என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், எல்லா நாட்டிலும், எல்லா மொழியிலும். ஃப்ளெஸ்க் ஆற்றங்கரையில் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய இதே வாக்கியம். மாற்றுப்பிள்ளையை மினுக்கும் கண்களோடு வரைந்துவிட்டு அடுத்த நாளின் சொல்லுக்குப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதிகமா? அந்தப் படத்தை ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தாயும் பார்க்கக்கூடும் என்பதை நினைத்தால், அதிகமில்லை என்றே தோன்றுகிறது.

ஒரு பட்டியல் தன்னளவில் குற்றமில்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1935இல் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஒரு பெருமுயற்சியில் இறங்கியது. தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு சிறு கையேட்டை அனுப்பியது. அதில் தலைப்புகள் வரிசையாக இருந்தன: புதையல்கள், வைத்திய முறைகள், பஞ்ச காலம், மேட்டுக்காரர்களின் கோட்டைகள். சுமார் 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். அதுவும் தூண்டுசொற்களின் பட்டியல்தான். ஆனால் பிள்ளைகள் தலைப்பை வாங்கிக்கொண்டு தம் கற்பனைக்குள் போகவில்லை. தாத்தாவிடம் போனார்கள், அண்டை வீட்டுக் கிழவியிடம் போனார்கள், கேட்டதை நோட்டில் எழுதினார்கள், யார் சொன்னார் என்று பெயரும் எழுதினார்கள். அந்த நோட்டுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் உள்ளன. கணினியிலும் எவரும் படிக்கலாம். மேட்டுக்காரர்களை வரைய விரும்பும் எவரும் அங்கே ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால், ஒரு பட்டியலுக்கு மேலேயே கிடைக்கும்.

இப்போது ஒரு சொல்லை இயந்திரத்திடம் கொடுத்தால் பத்து நொடியில் படம் வந்துவிடுகிறது. அதற்குக் கொடுப்பதையும் 'பிராம்ப்ட்' என்றே அழைக்கிறோம். அந்த வேகத்தோடு மனிதர்கள் போட்டியிட வேண்டியதில்லை. மனிதர்களால் செய்யக்கூடியது, சொல்லை எடுத்துக்கொண்டு இன்னொரு மனிதரிடம் போவது. நம் தமிழ்ச் சங்கங்களும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் அடுத்த அக்டோபரில் இதைச் செய்து பார்க்கலாம். முப்பத்தொரு சொற்கள் வேண்டாம், நான்கு போதும், வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்விகள்: இது எந்த ஊரில் சொல்லப்பட்டது, யார் எதற்கு அஞ்சினார்கள், அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தது யார்? ஐரிஷ் மேட்டுக்காரர்களைப் பற்றியும் கேட்கலாம், நம் முனியையும் இசக்கியையும் பற்றியும் கேட்கலாம். நம் நாட்டார் தெய்வங்களில் பலர் கொலையுண்ட மனிதர்கள். செய்த கொலையை மறக்காமலிருக்கவே ஊர் அவர்களைச் சாமியாக்கிக் கும்பிட்டது. மைக்கேல் லேஹிக்கு அப்படி யாரும் கல் நடவில்லை.

பதில்கள் எளிதில் வராது. வாட்ஸ்அப்பில் அப்பத்தாவைப் பிடிக்க நேர வித்தியாசம் பார்க்க வேண்டும். பிள்ளையின் தமிழ் தடுமாறும், அப்பத்தா பாதியில் அழுதாலும் அழுவார், சில கதைகளில் நம் சாதியின் கைகளும் சுத்தமாக இருக்காது. அதையெல்லாம் கேட்டுவிட்டு வரையட்டும், எழுதட்டும். படம் அழகாக வராமல் போகலாம். ஆனால் அது யாருடைய பிள்ளையைப் பற்றியது என்பது வரைந்தவருக்குத் தெரிந்திருக்கும்.